வேலைக்கும் வீட்டுக்கும் ஒரே லேப்டாப்: எந்த ஓஎஸ் (ஆபரேட்டிங் சிஸ்டம்)? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

செர்வர்பக்கம்:
அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் இன்னும் மனசை உறுத்துகிறது. எல்லோர் லேப்டாப்பிலும் ஓடிய ரியாக்ட் (வெப் பக்கம் எழுத உதவும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) ப்ராஜெக்ட், லினக்ஸ் செர்வரில் மட்டும் பில்ட் ஆகவில்லை. மாட்யூல் (ப்ராஜெக்டின் ஒரு கோடு ஃபைல்) கிடைக்கவில்லை என்று எரர். ஃபைலோ கண்ணெதிரே இருக்கிறது! பாதிப் பேர் மேக், பாதிப் பேர் விண்டோஸ், எல்லோரும் ஒரே திரையை முறைத்துக்கொண்டிருந்தோம். புதிதாகச் சேர்ந்த பெண்தான் திரையில் விரலை வைத்தார். ஃபைல் பெயரில் முதல் எழுத்து கேப்பிட்டல், அதை அழைக்கும் இம்போர்ட் வரியில் ஸ்மால். மேக்கும் விண்டோஸும் வழக்கமாக இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும், லினக்ஸ் எடுக்காது. அடுத்த வாரமே லினக்ஸில் ஒரு வகையான உபுண்டு 24.04 போட்டுவிட்டேன். செர்வரில் எது ஓடுகிறதோ அதிலேயே கோடு எழுத வேண்டும்.

ஜன்னலோரம்:
இதற்காக ஓஎஸ்ஸையே மாற்ற வேண்டுமா? என்னால் ஏற்க முடியவில்லை. விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2-இல் ஓடுவது அசல் லினக்ஸ் கர்னல் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி). ப்ராஜெக்ட் லினக்ஸ் பக்கம் இருந்திருந்தால் இந்த எரர் உங்கள் மேஜையிலேயே மாட்டியிருக்கும். எனக்கு நடந்தது இதுதான்: ப்ராஜெக்டுக்கு வேண்டிய பேக்கேஜ்களை இறக்கும் என்பிஎம் இன்ஸ்டால் கொடுத்துவிட்டு டீ குடித்து வந்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும். ப்ராஜெக்டை சி டிரைவிலிருந்து லினக்ஸ் ஹோம் ஃபோல்டருக்கு மாற்றினேன், டீ ஆறுவதற்குள் முடிந்தது. புதிதாக வருகிறவர்கள் கவனியுங்கள். ப்ராஜெக்ட் ஃபைல்களை சி டிரைவில் வைக்கவே வைக்காதீர்கள். கோடு எழுதும் எடிட்டரான விஎஸ் கோடில் டபிள்யூஎஸ்எல் எக்ஸ்டென்ஷன் போடுங்கள். டாக்கர் (ஆப்களைத் தனித்தனிக் கண்டெய்னர்களில் ஓட்டும் கருவி) ஓட்டுவதென்றால் 16 ஜிபி ரேம் வாங்குங்கள், டபிள்யூஎஸ்எல் எவ்வளவு ரேம் எடுக்கலாம் என்று கான்ஃபிக் ஃபைலில் வரம்பும் வையுங்கள். கோடு மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் (Git) ஆட்டோசிஆர்எல்எஃப், அதாவது வரி முடிவுக் குறியைத் தானாக மாற்றும் அமைப்பு, என்ன நிலையில் இருக்கிறது என்று பாருங்கள், வரி முடிவு மாறினால் ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகள் அடங்கிய ஃபைல்) செர்வரில் ஓடாது. அப்புறம் பேக்கப்!

இருபதாம்தேதி:
ரெண்டு பேரும் ஆபீஸ் வேலையை மட்டுமே பேசுகிறீர்கள். அப்பாவின் பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கு ஜிஎஸ்டி ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்யக் கடைசி நாள். டிஎஸ்சி டோக்கனை (டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் யுஎஸ்பி கருவி) என் லினக்ஸ் லேப்டாப்பில் செருகினால் சர்டிபிகேட் பட்டியல் காலி. அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை, சுவர்க் கடிகாரத்தையே பார்த்தார். கடைசியில் தங்கையின் விண்டோஸ் லேப்டாப்பில்தான் கையெழுத்துப் போட்டோம். இப்போது ஒரே லேப்டாப்பில் லினக்ஸ், விண்டோஸ் இரண்டும் டூயல் பூட்டாக வைத்திருக்கிறேன், விண்டோஸை அழிக்கச் சொல்லி யாரும் என்னிடம் வராதீர்கள்.

பழையதேபோதும்:
விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு சப்போர்ட் முடிந்தது. என்னுடையது ஆறாம் தலைமுறை ஐ5, விண்டோஸ் 11-க்கான பட்டியலிலேயே இல்லை. நல்ல மெஷினைக் குப்பையில் போட மனசு வரவில்லை, லினக்ஸ் மின்ட் போட்டு அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா கேட்டது ஒன்றுதான்: "தமிழ் எங்கேடா?" தமிழ் டைப் செய்ய உதவும் ஐபஸ், எம்17என் சாஃப்ட்வேர்களைப் போட்டதும் தமிழ்99 கீபோர்ட் வந்துவிட்டது. வாட்ஸ்அப் வெப்பில் சித்திக்கு அடித்த முதல் செய்தியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

இருபதாம்தேதி, சில டோக்கன்களுக்கு லினக்ஸ் டிரைவரும் உண்டு. உங்களுடையது எந்த மாடல்?