கலைச்சொல்: சோடியக்கல் லைட் – இராசி ஒளியா, பொய்விடியலா, தூசொளியா?

வணக்கம். சோடியக்கல் லைட் (zodiacal light) என்பது இருட்டிய பிறகோ விடியுமுன்னோ அடிவானில் கூம்பாய்த் தெரியும் மங்கலான ஒளி. விஞ்ஞானப் புனைகதைத் தொகுப்புக்கு இதற்கொரு தமிழ்ச்சொல் அவசரமாக வேண்டும். இராசி ஒளி என்றால் வாசகர் நேரே இராசிபலனுக்குப் போய்விடுவார். பொய்விடியல் அழகுதான், முஸ்லிம்கள் சுபுஹு காதிப் என்று சொல்வதும் இந்தக் கருத்தையே. ஆனால் வன்னியில் இது நன்றாகத் தெரிவது மாசி, பங்குனியில், மேற்கே, இருட்டிய பிறகு. அதை விடியல் என்பது எப்படி? ஒக்டோபரில் விடியுமுன் கிழக்கேயும் தெரியும், மழைமுகில் விட்டால்.

> வானில் சூரியன் போகும் பாதை ஞாயிற்றுவீதி; ஞாயிற்றுவீதி ஒளி என்று வைத்தால் என்ன?

நீளம் கூடிப்போச்சு, சேர். சுருக்கினால் வீதியொளி. எங்கட பக்கம் வீதி என்றால் றோட்டு. இந்த ஒளியைக் கெடுப்பதே வீதி விளக்குத்தான்!

என் வாக்கு தூசொளிக்கு. 1683இல் வானியலாளர் கசினி இதை ஆராய்ந்தபோதே, சூரியனைச் சுற்றிப் பரந்த துகள்களில் பட்டுவரும் ஒளி என்று விளக்கினார். கோள்கள் சுற்றும் தளத்தை ஒட்டிப் பரவிய நுண்தூசு, சூரிய ஒளியைச் சிதறடிக்கிறது. வேறொன்றும் இல்லை.

சொல்லடைவில் பார்க்கும் முறையையும் சேருங்கள். பெப்ரவரிக் கடைசியில் சூரியன் 6.20 அளவில் மறையும். வானம் முழுதாய் இருள 7.30 ஆகும். நிலா இல்லாத மாலை வேண்டும். மேற்கு வெளித்த குளக்கட்டு நல்லது, யானை நடமாட்டத்தைக் கேட்டறிந்து போகவும். கண் இருளுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம். இடையில் ஒருமுறை போனைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. அடி அகன்று, மேலே ஒடுங்கி, கார்த்திகை மீன்கூட்டத்தை நோக்கிச் சாய்ந்த மங்கலான வெண்கூம்பு தெரியும். நகர வெளிச்சம் செம்மஞ்சளாய்க் கவிழ்ந்த கும்பம்போல் கிடக்கும், மேலே கூம்பாது. பால்வீதி திட்டுத்திட்டாய் இருக்கும், இது வழுவழுப்பானது. அறுவடை முடிந்து வைக்கோல் எரிக்கும் நாட்களில் அடிப்பகுதி புகைக்குள் போய்விடும். கமராவுக்கு அகல்வில்லை, எஃப் 2.8, ஐஎஸ்ஓ 3200, 20 விநாடி.

> தூசொளி பொதுச்சொல். கிரவல் றோட்டில் லொறி லைட்டில் தெரிவதும் தூசொளிதானே அண்ணை?

நியாயம். அப்படியானால் முதலில் கோள்தூசொளி, பிறகு வருமிடங்களில் தூசொளி. புணர்ச்சி பார்த்துக் கோட்டூசொளி என்று திருத்த வேண்டாம்; கோட்டில் ஒட்டிய தூசு என்று வாசிப்பார்கள்.

இன்னொன்று தங்கச்சி. சூரியனுக்கு நேரெதிர்த் திசையில், நள்ளிரவில் உச்சியருகே தெரியும் மிக மங்கலான திட்டுக்கும் பெயர் வேண்டும். அங்குள்ள துகள்களின் ஒளிபட்ட பக்கம் நம்மைப் பார்த்திருக்கும், நிழல்கள் பின்னே மறைந்திருக்கும்; அதனால் கொஞ்சம் கூடுதலாகத் துலங்கும். எதிரொளி என்று வைக்கலாம். ரிஃப்ளெக்சனுக்கு நமக்கு ஒளித்தெறிப்பு என்ற தனிச்சொல் இருப்பதால் இடிக்காது. தமிழ்நாட்டிலோ தெறிப்பையே எதிரொளிப்பு என்கிறார்கள். ஆகவே எதிர்த்தூசொளி. வெண்கூம்பையும் இந்தத் திட்டையும் இணைக்கும் மெல்லிய பட்டைக்குத் தூசொளிப் பட்டை.

தொகுப்பிலுள்ள ஒரு கதையையும் திருத்த வேண்டும். அதில் விண்கலம் வியாழனைத் தாண்டிய பின் நாயகி சூரியனுக்குப் புறங்காட்டி நின்று எதிர்த்தூசொளியைப் பார்க்கிறாள். பூமி–சூரியன் தூரத்தின் 3.3 மடங்குக்கு அப்பால் இந்த ஒளி அளக்க முடியாதளவு குறைந்ததை 1970களில் பயனியர் 10 விண்கலம் காட்டிவிட்டது, வியாழன் 5.2 மடங்கில். செவ்வாய் 1.5 மடங்குதான். காட்சியை அங்கே மாற்றச் சொல்லி எழுத்தாளருக்கு எழுதுங்கள்; வசனங்களைத் தொட வேண்டியதில்லை.