டக்டக்கோவை மட்டும் நம்பி இருக்க முடியுமா?

நெய்தல்:
போன வாரம் வேறொரு இழையில் கூர்நோக்கி ஒரு வரி எழுதியிருந்தார்: "டக்டக்கோ என்பது பிங்குக்குப் போட்ட முகமூடி, அவ்வளவுதான்." பிங் மைக்ரோசாஃப்டின் தேடுபொறி. டக்டக்கோவை நான்கு ஆண்டுகளாக முதன்மைத் தேடுபொறியாக வைத்திருப்பவன் நான். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்த இழை.

நான் மாறியதற்குக் காரணம் இதுதான். வீட்டில் ஒருவருக்கு உடல்நிலை சரியில்லாமல் போனது. அந்த நோயைப் பற்றி இரண்டு மூன்று இரவுகள் தேடித் தேடிப் படித்தேன். அப்போது பயன்படுத்தியது வேறொரு தேடுபொறி. அடுத்த பல நாட்களுக்கு, செய்தித் தளத்தைத் திறந்தாலும் பாட்டு கேட்கப் போனாலும் அந்த நோய்க்கான மருந்து விளம்பரம் வந்து நின்றது. அந்தப் பெயரைப் பார்த்தாலே மனம் பதறிய நேரம் அது. நான் யாரிடமும் சொல்லாத ஒன்றை யாரோ எனக்கே திருப்பிச் சொன்னது போல இருந்தது.

2008இல் கேப்ரியல் வைன்பெர்க் தொடங்கிய டக்டக்கோவில் விளம்பரம் உண்டு. ஆனால் அந்த நேரத்தில் நீங்கள் தேடிய சொல்லைப் பார்த்து மட்டுமே அது வரும். மிதிவண்டி என்று தேடினால் மிதிவண்டி விளம்பரம், அதோடு சரி. உங்கள் பெயரில் ஒரு தேடல் வரலாறு சேர்வதில்லை. எனக்கு வேண்டியது அதுதான்.

கூர்நோக்கி:
உங்கள் அனுபவம் வலி தருவதுதான். அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் நான் சொன்னது வேறு விஷயம்.

ஒரு தேடுபொறியின் உயிர் அதன் இண்டெக்ஸ். வலையெங்கும் கிராலர் என்ற தானியங்கி நிரலை அனுப்பி, கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, எந்தச் சொல் எங்கே இருக்கிறது என்று பட்டியல் போட்டு வைப்பதுதான் பெரிய வேலை. டக்டக்கோவுக்கென ஒரு கிராலர் இருக்கிறது. ஆனாலும் வழக்கமான இணைப்புகளும் படங்களும் பெரும்பாலும் பிங்கிலிருந்துதான் வருகின்றன. அவர்களே தங்கள் உதவிப் பக்கத்தில் அப்படித்தான் சொல்கிறார்கள். 2024 மே 23 அன்று பிங் முடங்கியபோது டக்டக்கோவும் முடங்கியது, எக்கோசியா என்ற இன்னொரு தேடுபொறியும் முடங்கியது. பிங் எதைப் பட்டியலிலிருந்து விடுகிறதோ அது பெரும்பாலும் இங்கேயும் கிடைக்காது. மாற்று வழி என்று சொல்லிக்கொள்ளும் ஒன்று மைக்ரோசாஃப்டின் தோளில் உட்கார்ந்திருக்கிறது. இதை மாற்று என்று எப்படிச் சொல்வது?

கயல்:
உலாவியில் இன்காக்னிட்டோ என்ற தனிப்பட்ட சாளரத்தைத் திறந்து தேடினால் போதாதா? எதற்கு இவ்வளவு சண்டை?

மின்மினி:
கயல், போதாது. இன்காக்னிட்டோ உங்கள் கணினியில் வரலாற்றைச் சேமிக்காது, அவ்வளவுதான். எதிரே இருக்கும் தளத்துக்கு உங்கள் ஐபி முகவரி, அதாவது இணையத்தில் உங்கள் இணைப்பைக் காட்டும் எண், தெரியும். இன்காக்னிட்டோவில் இருந்தவர்களின் உலாவல் தரவும் திரட்டப்பட்டது என்று 2020இல் கூகுள் மீது வழக்குப் போட்டார்கள். 2024இல் சமரசம் ஆகி, அந்தப் பதிவுகளை அழிக்க கூகுள் ஒப்புக்கொண்டது.

பெயரை எடுத்துவிட்டால் பாதுகாப்பு என்று நினைப்பதும் தவறு. 2006இல் ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனம் சுமார் 6.5 லட்சம் பேரின் 2 கோடி தேடல்களை ஆராய்ச்சிக்காக வெளியிட்டது. பெயருக்குப் பதில் எண்தான் இருந்தது. அப்படியும் சில நாட்களிலேயே பத்திரிகையாளர்கள் அந்தத் தேடல்களை மட்டும் வைத்து ஒரு பெண்மணியின் வீட்டுக்கே போய்விட்டார்கள். ஒருவர் என்னென்ன தேடினார் என்று வரிசையாகப் படித்தால் அவர் யார் என்பது தெரிந்துவிடும். வரலாற்றைச் சேர்க்காமலே இருப்பதற்கு மதிப்பு இருக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

அப்புறம், கூர்நோக்கி சொல்லாமல் விட்ட ஒன்று: பேங். ஆச்சரியக்குறி போட்டு 'டபிள்யூ' எழுதித் தேடினால் நேராக விக்கிப்பீடியாவுக்குள் தேடும். இப்படி ஆயிரக்கணக்கான தளங்களுக்குக் குறுக்குவழி உண்டு. ஒரு நாளைக்கு ஐம்பது தடவை தேடும் வேலை என்னுடையது. கை பழகிவிட்டால் இதை விட மனம் வராது. ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமலே ஓடும் எளிய பக்கமும் இருக்கிறது. பழைய கணினி, மெதுவான இணைப்பு உள்ளவர்களுக்கு அது பெரிய வசதி.

கூர்நோக்கி:
பேங் நல்ல வசதிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேடல் குறிகளைப் பற்றியும் சொல்லுங்கள். ஒரு சொல்லுக்கு முன் கழித்தல் குறி போட்டால் அந்தச் சொல் உள்ள பக்கங்கள் வரவே கூடாது என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்போம். டக்டக்கோவின் விளக்கமோ அவை 'குறைவாக' வரும் என்கிறது. மேற்கோள் குறிக்குள் சொற்றொடரைத் தேடி முடிவு சிக்காவிட்டால், தொடர்புடைய வேறு முடிவுகளைக் காட்ட முயலுமாம். பிழைச்செய்தி ஒன்றை எழுத்துக்கு எழுத்து தேடுகிறவருக்கு இது உதவாது. 'கிடைக்கவில்லை' என்பதும் ஒரு பதில்தான், அதைச் சொல்லிவிட வேண்டும்.

அந்தரங்கத்திலும் ஒரு கறை இருக்கிறது. 2022 மே மாதம், டக்டக்கோவின் மொபைல் உலாவி மற்ற தளங்களில் உள்ள மைக்ரோசாஃப்ட் டிராக்கர்களை (நாம் எங்கெங்கே போகிறோம் என்று பின்தொடரும் நிரல்களை) மட்டும் தடுக்காமல் விடுகிறது என்று தெரியவந்தது. காரணம் மைக்ரோசாஃப்டுடன் இருந்த தேடல் ஒப்பந்தம். அந்தரங்கத்தை வைத்தே பெயர் வாங்கிய நிறுவனம் இதை முதலிலேயே பயனர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

நெய்தல்:
அந்தச் செய்தி வந்தபோது எனக்கும் கோபம் வந்தது. ஆனால் இரண்டு விஷயங்களைக் கலக்கிறீர்கள். சிக்கல் அவர்களின் உலாவியில் இருந்தது, தேடல் பக்கத்தில் இல்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் அந்த டிராக்கர்களையும் தடுக்கத் தொடங்கினார்கள். நானே இன்னொன்று சேர்த்துச் சொல்கிறேன்: டக்டக்கோவில் வரும் மைக்ரோசாஃப்ட் விளம்பரத்தைச் சொடுக்கினால், அந்தச் சொடுக்கைக் கணக்கில் எடுக்க உங்கள் ஐபி முகவரி மைக்ரோசாஃப்டுக்குப் போகும். அதனால் நான் விளம்பரங்களைச் சொடுக்குவதே இல்லை.

எனக்குப் பிடித்த இன்னொரு குணம், என் பழைய தேடல்களை வைத்து முடிவுகளை வளைப்பதில்லை. ஓர் அரசியல் கேள்வியை நானும் என் நண்பனும் தேடினால், அவன் சாய்வுக்கு ஒரு பட்டியல், என் சாய்வுக்கு ஒரு பட்டியல் என்று வருவதில்லை.

இளவேனில்:
அதையே பலவீனம் என்பேன். 'ஜாவா' என்று தேடுகிறேன். தீவா, நிரல்மொழியா? தினமும் நிரல் எழுதுகிறவள் என்று தெரிந்த தேடுபொறி சரியாக ஊகிக்கும். தெரியாதது இரண்டையும் கலந்து கொட்டும். ஒவ்வொரு தடவையும் 'நிரல்' என்று சேர்த்து எழுத வேண்டியிருக்கிறது. சிறிய தொல்லைதான், ஆனால் நாள் முழுக்க வருகிற தொல்லை.

இன்னும் பெரிய சிக்கல் தமிழ். 'மரம்' என்று தேடினால் 'மரத்தில்', 'மரங்களை', 'மரத்துக்கு' என்று எழுதிய பக்கங்களும் வர வேண்டும். வேர்ச்சொல்லே உருமாறிவிடுகிறது, பாருங்கள். அதோடு பாதிப் பேர் தமிழையே ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுகிறார்கள், ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில். இதை இலக்கணம் மட்டும் வைத்துக் கற்க முடியாது. மக்கள் எதைத் தட்டினார்கள், எதைச் சொடுக்கினார்கள், எதைத் திருத்தித் திரும்பத் தேடினார்கள் என்ற தரவு வேண்டும். அது யாரிடம் குவிந்திருக்கிறது? 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா கூகுளின் ஏகபோகத்தைப் பற்றித் தந்த தீர்ப்பில் ஒரு கணக்கு இருக்கிறது: மற்ற எல்லாத் தேடுபொறிகளுக்கும் சேர்த்து வருவதைப் போல ஒன்பது மடங்கு தேடல்கள் கூகுளுக்கு மட்டும் வருகின்றன. கைபேசியில் பத்தொன்பது மடங்கு.

மின்மினி:
இளவேனில் சொன்னதுதான் இந்த விவாதத்தின் நடு. ஆனால் அதே கணக்கு நெய்தல் பக்கமும் பேசுகிறது. எல்லோரும் ஒரே இடத்தில் தேடுவதால்தான் அங்கே தரவு குவிகிறது, குவிவதால்தான் அது முந்துகிறது. 2025 செப்டம்பரில் அதே நீதிபதி, தேடல் தரவில் ஒரு பகுதியைத் தகுதியுள்ள போட்டியாளர்களுக்குத் தர வேண்டும் என்று உத்தரவிட்டார். அது முழுமையாக நடந்தால் சிறிய தேடுபொறிகளும் சின்ன மொழிகளைக் கற்க வழி பிறக்கும்.

சொந்த இண்டெக்ஸ்தான் முக்கியம் என்று கூர்நோக்கி கருதினால் மோஜீக்கைப் பார்க்கலாம், 2021இல் வந்த பிரேவ் தேடலைப் பார்க்கலாம். இரண்டுக்கும் சொந்தக் கிராலர் உண்டு.

கூர்நோக்கி:
பிரேவை ஏற்கெனவே வைத்திருக்கிறேன். என் வாதமே அதுதான்: தேடுபொறிக்கு இண்டெக்ஸும் சொந்தமாக இருக்க வேண்டும். நெய்தல், ஒரு நேரடிக் கேள்வி. தமிழில் தேடும்போது என்ன செய்கிறீர்கள்? கூகுளுக்கான பேங்கைத்தானே போடுகிறீர்கள்? போட்ட நொடியிலிருந்து நீங்கள் கூகுளில்தான் இருக்கிறீர்கள். அங்கே டக்டக்கோவின் வாக்குறுதி எதுவும் செல்லாது.

நெய்தல்:
ஆம், பல நேரம் போடுகிறேன். பழைய கட்டுரை, ஊர்ப்பெயர், பாட்டு வரி என்றால் தயங்காமல் போடுவேன். பிங்கைச் சார்ந்திருப்பது குறித்து நீங்கள் சொன்னதையும் ஏற்றுக்கொள்கிறேன். இனி யாருக்கும் இதைச் 'சுதந்திரமான' தேடுபொறி என்று சொல்லி அறிமுகப்படுத்த மாட்டேன். ஆனால் நோய், கடன், வழக்கு, குடும்பச் சிக்கல் பற்றிய தேடலுக்கு அந்தப் பேங்கைப் போடுவதில்லை. மூன்றாவது பக்கம் வரை உருட்டித் தேட வேண்டியிருந்தாலும் சரி, வேறு சொல் போட்டு நான்கு தடவை தேட வேண்டியிருந்தாலும் சரி.