ஆளுநர் அதிகாரம்: தமிழில் விளக்க ஒருவர் வேண்டும்

வணக்கம். மன்னார்குடி பக்கம் ஒரு கிராம நூலகத்தில், டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு மாலையில் அரசியலமைப்பு சொல்லித் தருகிறேன். இப்போது ஆளுநர் பாடம். கும்பகோணம் பல்கலைக்கழக மசோதாவை 2025இல் ஆளுநர் குடியரசுத் தலைவருக்கு அனுப்பியதிலிருந்து இவர்களுக்கு இது வெறும் பாடமாக இல்லை.

சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் என்ன செய்யலாம் என்று சொல்லும் பிரிவு 200ஐ வாசித்துக் காட்டினேன். ஒப்புதல் தரலாம், ஒப்புதலை நிறுத்திவைத்துத் திருப்பி அனுப்பலாம், குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு ஒதுக்கலாம். சரி. அப்புறம் ஒரு பெண் நோட்டில் கோடு போட்டுக் கேட்டாள்: "திருப்பி அனுப்பி, சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றினால், அப்போதும் குடியரசுத் தலைவருக்கு அனுப்பலாமா சார்?"

கூடாது என்றது உச்ச நீதிமன்றத்தின் 2025 ஏப்ரல் 8 தீர்ப்பு. அதே ஆண்டு நவம்பர் 20 அன்று அதே நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்குப் பதிலாக, ஆளுநருக்குக் காலக்கெடு விதிக்க முடியாது, ஆனால் அவர் மசோதாவைக் காரணமின்றிக் கிடப்பில் போடவும் கூடாது என்று கருத்துச் சொன்னது. அதன்பின் அந்தப் பெண்ணின் கேள்விக்குச் சரியான பதில் என்ன? தவறாகச் சொல்லிக்கொடுக்க மனம் வரவில்லை.

தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் வழக்கறிஞர் யாராவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பேச முடியுமா? அந்த நவம்பர் கருத்துரையை எளிய தமிழில் யாராவது எழுதியிருந்தாலும் அனுப்புங்கள். பிரதி எடுத்துக் கொடுத்துவிடுவேன்.