தண்டுவடக் காயம்: மறுவாழ்வு மையத்தில் பயிற்சி நேரம் போக மீதி நேரம் எதற்கு?

மலர்_நர்சிங்:
வணக்கம். நரம்பியல் மறுவாழ்வு மையங்களின் வரலாறும் வேலையும் பற்றிப் பாட அறிக்கை தயாரிக்கிறேன். தேடினால் பிசியோதெரபி பற்றித்தான் கிடைக்கிறது. நாளுக்கு மூன்று மணி நேரம் பயிற்சி என்றால், மீதி 21 மணி நேரமும் நோயாளி அங்கேயே இருப்பது எதற்காக? தண்டுவடக் காயத்தை வைத்து விளக்க முடியுமா?

முதுகெலும்பன்:
அந்த 21 மணி நேரத்துக்காகத்தான் இந்த மையங்களே உருவாயின. முதல் உலகப் போரில் தண்டுவடம் அடிபட்ட வீரர்களில் பெரும்பாலோர் உயிரை எடுத்தவை இரண்டு: சீழ்பிடித்த படுக்கைப்புண், சிறுநீரகம் வரை ஏறிய தொற்று. எப்படியும் பிழைக்கமாட்டார்கள் என்று அசையாமல் கிடத்தி வைத்தார்கள். அப்படிக் கிடத்தியதாலேயே புண் வந்தது.

நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி 1939இல் இங்கிலாந்து வந்த நரம்பியல் மருத்துவர் லுட்விக் குட்மன், 1944 பிப்ரவரியில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடப் பிரிவைத் தொடங்கினார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும், நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்பது அவருடைய கண்டிப்பான விதி. அதோடு சிறுநீர்ப் பராமரிப்பு, பட்டறை வேலை, விளையாட்டு. 1948 ஜூலை 29 அன்று, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், 16 பேருடன் அங்கே நடந்த வில்வித்தைப் போட்டியிலிருந்து வளர்ந்ததுதான் பாராலிம்பிக். எல்லோரும் அந்தப் போட்டியைப் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், இரண்டு மணி நேர விதிதான் பெரிய சாதனை.

வார்டு_சிஸ்டர்:
மேலே சொன்னதை வார்டில் எப்படிச் செய்கிறோம் என்று எழுதுகிறேன்.

தோல்: ஒருக்களிக்கும்போது 90 டிகிரிக்குச் சாய்த்தால் இடுப்பெலும்பின் மேல் முழுப் பாரமும் விழும். 30 டிகிரி போதும், முதுகுக்குத் தலையணை முட்டுக் கொடுங்கள். குதிகால் மெத்தையில் படவே கூடாது. கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துத் தூக்கிவிட வேண்டும். ஒவ்வொரு முறை திருப்பும்போதும் தோலைப் பார்க்க வேண்டும். பாரத்தை எடுத்து அரை மணி நேரம் ஆகியும் சிவப்பு மறையவில்லை என்றால், அது மறையும்வரை அந்தப் பக்கம் படுக்க வைக்காதீர்கள். கருத்த தோலில் சிவப்பு தெரியாது. தொட்டுப் பாருங்கள், சூடோ தடிப்போ இருக்கும். வீல்சேரில் கைகளை ஊன்றிச் சில விநாடி எழும்புவதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். ரத்தம் திரும்ப ஓட அந்த நேரம் போதாது. முன்னால் குனிந்து இரண்டு நிமிடம் இருக்க வேண்டும், 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை.

சிறுநீர்: ஆரம்பத்தில் சிறுநீர்ப்பைக்குள் நிரந்தரக் குழாய். உடல்நிலை சீரானதும் 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை குழாய் விட்டுச் சிறுநீரை எடுத்துவிடும் முறைக்கு மாற்றுவோம். ஒரு தடவையில் 500 மி.லி.க்கு மேல் சேரக் கூடாது. 1972இல் லாபிடஸ் என்ற சிறுநீரியல் மருத்துவர், கை கழுவிச் சுத்தமாகச் செய்தால் போதும், கிருமிநீக்கம் கட்டாயமில்லை என்று காட்டினார். சிறுநீர்ப்பை அதிகமாக விரிந்தால் அதன் சுவருக்கு ரத்த ஓட்டம் குறையும், தொற்று அங்கேதான் பிடிக்கும். இதற்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பவர்கள் கல்லில் மாட்டிக்கொள்கிறார்கள். இன்னொன்று: பகலெல்லாம் உட்கார்ந்திருந்தால் காலில் நீர் தங்கும். படுத்ததும் அது ரத்தத்தில் சேர்ந்து சிறுநீராக வரும். மாலையில் கால்களை உயர்த்தி வைத்து, படுக்கும்முன் ஒருமுறை எடுத்துவிட்டால் இரவு அளவு மீறாது.

மலம்: தினமும் ஒரே நேரம், சாப்பிட்டு 20–30 நிமிடம் கழித்து. அப்போதுதான் குடல் தானாக அசையும்.

மலர்_நர்சிங்:
மிக்க நன்றி சிஸ்டர். காயம் கழுத்துப் பக்கம் இருந்தால் ரத்த அழுத்தம் திடீரென எகிறும் என்கிறார்களே, அது ஏன்?

முதுகெலும்பன்:
ஆறாவது மார்புத் தண்டுவடப் பகுதியிலோ அதற்கு மேலோ காயம் என்றால் அந்த ஆபத்து உண்டு. காயத்துக்குக் கீழே ஏதாவது உறுத்தினால், பெரும்பாலும் நிரம்பிய சிறுநீர்ப்பைதான், ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. அதைத் தணிக்க மூளை அனுப்பும் கட்டளை காயத்தைத் தாண்டிக் கீழே இறங்காது. கடும் தலைவலி, முகத்தில் வியர்வை, காயத்துக்குக் கீழே புல்லரிப்பு வரும்.

உடனே நிமிர்த்தி உட்கார வையுங்கள். படுக்க வைத்தால் அழுத்தம் இன்னும் ஏறும். பெல்ட், இறுக்கமான உடை, காலில் கட்டிய சிறுநீர் சேரும் பையின் பட்டை எல்லாவற்றையும் தளர்த்துங்கள். குழாய் மடங்கியிருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று பார்த்துச் சிறுநீர்ப்பையைக் காலி செய்யுங்கள். 2 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்தம் எடுங்கள். சிறுநீரில் காரணம் இல்லையென்றால் அடுத்தது மலச்சிக்கல், பிறகு புண், உள்ளே மடிந்த கால்நகம். மலம் எடுக்கும்முன் மரத்துப்போகச் செய்யும் ஜெல்லி தடவிச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் விரலே அழுத்தத்தை இன்னும் ஏற்றிவிடும்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, ரத்த அழுத்தத்தின் மேல் எண் 140 என்று பார்த்துச் சாதாரணம் என்று விட்டுவிடுவது. இவர்களுக்கு இயல்பே 90 முதல் 110 வரைதான் இருக்கும். அதிலிருந்து 20 முதல் 40 ஏறினாலே அவசரம். வீட்டுக்கு அனுப்பும்முன் காயத்தின் மட்டம், வழக்கமான ரத்த அழுத்தம், மேலே சொன்ன வரிசை மூன்றையும் ஒரு அட்டையில் எழுதி வீல்சேரிலேயே கட்டிக் கொடுத்துவிடுங்கள். அவசரப் பிரிவில் இருப்பவர் இதற்குமுன் இப்படி ஒரு நோயாளியைப் பார்க்காதவராகவும் இருக்கலாம்.