புது மஸ்டாங் ஜிடி: டியூன் பண்ணா வாரண்டி போயிடுமா?

கேள்வி: ஆரப்பாளையம்_டு_டல்லாஸ்

வணக்கம் மக்களே. மூணு மாசம் முன்னாடி இங்க டல்லாஸ்ல 2025 ஃபோர்டு மஸ்டாங் ஜிடி எடுத்தேன், ஆறு கியர் மேனுவல், 5.0 லிட்டர் கொயோட்டி வி8 இன்ஜின், இப்ப 2,300 மைல் ஓடிருக்கு. பத்து வருஷம் ஒரே கேம்ரிய ஓட்டி காசு சேர்த்து வாங்குன வண்டி. காலைல ஸ்டார்ட் பண்ணா கராஜ் கதவு அதிரும், அந்த சத்தம் கேட்டு என் பையன் செருப்பு கூட போடாம ஓடி வருவான்.

இப்ப மனசுல மூணு வேலை இருக்கு. பின்னாடி எக்ஸாஸ்ட் மாத்தணும், லோயரிங் ஸ்ப்ரிங் போட்டு கொஞ்சம் இறக்கணும், அப்புறம் இன்ஜினுக்கு குளிர்ந்த காத்து இழுக்குற கோல்ட் ஏர் இன்டேக் வச்சு, 93 ஆக்டேன் பிரீமியம் பெட்ரோலுக்கு ஏத்த மாதிரி ஒரு டியூன், அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர் செட்டிங்க மாத்துறது. இன்டேக் பெட்டி ஏற்கனவே வீட்டுக்கு வந்துருச்சு.

பிரச்சனை என்னன்னா டியூனிங் கடைல கேட்டா "மேக்னஸன் மாஸ்னு ஒரு சட்டம் இருக்கு, டீலரால உங்க வாரண்டிய தொடவே முடியாது, தைரியமா பண்ணுங்க"ங்கிறான். டீலர்ஷிப்ல சர்வீஸ் அட்வைசர்கிட்ட கேட்டா "வெளி பார்ட்ஸ் ஒண்ணு போட்டாலும் மொத்த வாரண்டியும் கேன்சல்"னு முகத்துக்கு நேரா சொல்றாரு. முழு வண்டிக்கு 3 வருஷம் 36,000 மைல், பவர்ட்ரெயினுக்கு, அதாவது இன்ஜின், கியர்பாக்ஸ் பக்கத்துக்கு, 5 வருஷம் 60,000 மைல்னு பேப்பர்ல இருக்கு. இன்ஜின் போச்சுன்னா புதுசு மட்டுமே பத்தாயிரம் டாலர் பக்கம் வரும், கூலி தனி. யார் சொல்றத நம்புறது? பண்ணி அனுபவப்பட்டவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

பதில் 1: திருச்சி_திருப்பம்

வாழ்த்துக்கள் ப்ரோ, நல்ல வண்டி. நான் முந்தின மாடல் ஜிடி வச்சிருக்கேன், ஆக்ஸில் பேக் மட்டும் மாத்துனேன், அதாவது பின் சக்கரத்துக்கு அப்புறம் இருக்குற சைலன்சர் மட்டும். அதுக்கப்புறம் ரெண்டு தடவை வாரண்டி வேலைக்கு போயிருக்கேன், ஒண்ணு ஏசி, ஒண்ணு டிக்கி லாட்ச், யாரும் ஒரு வார்த்தை கேக்கல. சத்தம்தான் வேணும்னா அதோட நிறுத்திக்கோங்க, டியூன் பத்தி எனக்கு அனுபவம் இல்ல.

பதில் 2: பட்டறைவாசி

தம்பி, நான் மிச்சிகன்ல பதினோரு வருஷமா டீலர்ஷிப் சர்வீஸ் பக்கம்தான் வேலை பாக்குறேன், இன்ஜின் பிரிக்கிற ஆளு. கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையா படி.

அந்த சட்டம் உண்மை, 1975ல வந்தது. அதுல உன் கேள்விக்கு சம்பந்தப்பட்டது இதுதான்: எங்க பார்ட்ஸ் போட்டாதான் வாரண்டி தருவோம்னு கம்பெனி கண்டிஷன் போடக்கூடாது, அப்படி போடணும்னா அந்த பார்ட்ஸ இலவசமா குடுக்கணும். அதனால வெளி பார்ட் ஒண்ணு இருக்குங்கிற ஒரே காரணத்துக்காக மொத்த வாரண்டியையும் கிழிச்சு போட முடியாது. உன் அட்வைசர் சொன்னது தப்பு. 2022ல எஃப்டிசி, அதாவது நுகர்வோர பாதுகாக்குற அரசு அமைப்பு, பைக் கம்பெனி ஹார்லி டேவிட்சன் மேலயே ஆக்‌ஷன் எடுத்துச்சு, வேற கம்பெனி பார்ட்ஸ் போட்டா வாரண்டி போயிடும்கிற மாதிரி எழுதி வச்சதுக்கு, அந்த வாசகத்தையே மாத்த வச்சாங்க.

ஆனா டியூனிங் கடைக்காரன் மீதிய முழுங்கிட்டான். நீ போட்ட பார்ட்டாலதான் அந்த சாமான் கெட்டுச்சுன்னு கம்பெனி காட்டிட்டா அந்த ரிப்பேருக்கு காசு தர வேண்டியதில்ல. ஸ்ப்ரிங் மாத்துனதுக்காக டச் ஸ்க்ரீன் வாரண்டிய மறுக்க முடியாது, ஆனா அதே வண்டில டேம்பர் (ஷாக் அப்சார்பர்) லீக் ஆச்சு, ரப்பர் புஷ் கிழிஞ்சுச்சு, உள் பக்கமா டயர் தேஞ்சுச்சுன்னா கேள்வி வரும். உன் வண்டில மேக்னரைடு, அதாவது ரோட்டுக்கு ஏத்த மாதிரி தானா மாறுற டேம்பர், இருந்தா இன்னும் ஜாக்கிரதை, அந்த டேம்பர் ஒவ்வொண்ணும் விலை ஜாஸ்தி.

இன்டேக் பாக்க சாதுவா தெரியும். எண்ணெய் தடவுற ஃபில்டர்னா அந்த எண்ணெய் போய், உள்ள போற காத்த அளக்குற ஏர்ஃப்ளோ சென்சார்ல படியும், அளவு தப்பா காட்டும், செக் இன்ஜின் லைட் எரியும். நான் கழட்டி பாத்திருக்கேன், சென்சார் கம்பி மேல தேன் பூசின மாதிரி ஒரு படலம். அந்த சென்சாரை வாரண்டில மாத்த மாட்டாங்க, அது நியாயமும் கூட.

இப்ப டியூனுக்கு வரேன், உன் கேள்வில ஆபத்தான இடம் இதுதான். எக்ஸாஸ்ட், ஸ்ப்ரிங் எல்லாம் வண்டியோட ஒரு மூலை. டியூன் அப்படி இல்ல, ஸ்பார்க் டைமிங், எரிபொருள் அளவு, ஆர்பிஎம் லிமிட் எல்லாத்தையும் தொடுது, அதனால பிஸ்டன்ல இருந்து கிளட்ச் வரைக்கும் எது போனாலும் "டியூனால போச்சு"ன்னு சொல்ல அவங்களுக்கு வழி கிடைக்குது. கெட்ட பெட்ரோல் ஒரு டேங்க் அடிச்சு, டைமிங் கொஞ்சம் அதிகமா இருந்து, டெக்ஸாஸ் வெயில்ல இழுத்தா நாக் ஆகும், அதாவது பெட்ரோல் நேரம் தப்பி வெடிக்கும், நாக் தொடர்ந்தா பிஸ்டன் ரிங் உக்கார்ற ஓரம் உடையும். உடைஞ்ச துண்ட கையில எடுத்து பாத்தாலே தெரியும், தானா தேஞ்சதா அடிபட்டு உடைஞ்சதான்னு.

யாரும் சொல்லாத இன்னொரு விஷயம். வண்டி லிஃப்ட்ல ஏறினதும் உன்கிட்ட ஒரு பேப்பர் நீட்டுவாங்க, இன்ஜின பிரிச்சு பாக்க அனுமதி குடுங்க, வாரண்டில வரலன்னா பிரிச்ச கூலி உங்க செலவுன்னு எழுதியிருக்கும். கையெழுத்து போடலன்னா வண்டி அப்படியே கிடக்கும். சட்டம் உன் பக்கம் இருக்கலாம், வக்கீல் வச்சு ஜெயிச்சா ஃபீஸ் கூட அவங்க தலையில கட்ட அந்த சட்டத்துலயே இடம் இருக்கு, ஆனா அது வரைக்கும் வண்டி இல்லாம இஎம்ஐ கட்டப்போறது நீதான்.

ஆரப்பாளையம்_டு_டல்லாஸ்

அண்ணா ரொம்ப நன்றி, இவ்ளோ தெளிவா யாரும் சொன்னதில்ல. ஒரு சந்தேகம், சர்வீஸ் போறதுக்கு முன்னாடி ஸ்டாக் ஃபைல, அதாவது கம்பெனியோட ஒரிஜினல் செட்டிங்க, திருப்பி ஏத்திட்டா தெரியாதுன்னு கடைக்காரன் சொல்றான், உண்மையா? அப்புறம் ஃபோர்டோட சொந்த பிரிவு ஃபோர்டு பெர்ஃபார்மன்ஸே, இன்ஜினுக்குள்ள காத்த அமுக்கி தள்ளுற சூப்பர்சார்ஜர வாரண்டியோட விக்குதாமே, அப்ப கம்பெனியே அனுமதிக்குதுன்னு தானே அர்த்தம்?

பட்டறைவாசி

தெரியும் தம்பி. இன்ஜின் கம்ப்யூட்டர்ல இருக்குற ஒவ்வொரு கேலிப்ரேஷனுக்கும் (செட்டிங் ஃபைலுக்கும்) ஒரு சரிபார்ப்பு எண் உண்டு, ஃபைல்ல ஒரு இடம் மாறினாலும் அந்த எண் மாறிடும். ஜெனரல் மோட்டார்ஸ்ல பெரிய இன்ஜின் வேலைன்னா அந்த எண் தெரியுற ஸ்க்ரீன போட்டோ எடுத்து அனுப்ப சொல்றாங்க. ஆடி, ஃபோக்ஸ்வேகன்ல டியூன் பண்ண வண்டின்னு சிஸ்டம் கண்டுபிடிச்சா டிடி1னு ஒரு குறி வண்டியோட அடையாள எண்ணான வின் நம்பர்ல ஏறிடும், அந்த நாட்டுல எந்த டீலர்கிட்ட போனாலும் அது கூடவே வரும். நீ ஸ்டாக் ஃபைல திருப்பி ஏத்தினா எண் சரியா இருக்கலாம், ஆனா கடைசியா ஃபிளாஷ் பண்ணதுக்கப்புறம் (ஃபைல் ஏத்தினதுக்கப்புறம்) இக்னிஷன் எத்தனை தடவை ஆன் ஆச்சுன்னு கணக்கு இருக்கும். 9,000 மைல் ஓடின வண்டில அந்த கணக்கு வெறும் 6னு காட்டுச்சுன்னா, நேத்து ராத்திரி யாரோ என்னமோ பண்ணிருக்காங்கன்னு புதுசா சேர்ந்த பையனுக்கு கூட புரியும்.

இதை விட முக்கியமா ஒண்ணு சொல்றேன், மறைக்காத. மறைச்சு மாட்டிக்கிட்டவனுக்காக எந்த சர்வீஸ் மேனேஜரும் கம்பெனிகிட்ட வாதாட மாட்டாரு. முன்கூட்டியே சொன்னவங்களுக்கு எங்க மேனேஜர் ரெண்டு மூணு தடவை போன்ல மல்லுக்கட்டி வாங்கி குடுத்தத நான் பக்கத்துல நின்னு பாத்திருக்கேன்.

பதில் 3: ஈரோடு_எக்ஸ்பிரஸ்

பட்டறைவாசி அண்ணன் சொல்றது நூத்துக்கு நூறு. எனக்கு நடந்தத சொல்றேன், கம்பெனி பேரு வேண்டாம். நாலு சிலிண்டர் டர்போ வண்டி, 14,000 மைல். டியூன் கூட ஏத்தல, சென்சார் வயருக்கு நடுவுல செருகுற குட்டி பெட்டி ஒண்ணு மாட்டுனேன், பூஸ்ட், அதாவது டர்போ அமுக்கி அனுப்புற காத்தழுத்தம், கம்மியா இருக்குன்னு கம்ப்யூட்டர நம்ப வைக்கும், அது இன்னும் பூஸ்ட் ஏத்தும். ஒரு நாள் ஹைவேல மூணாவது சிலிண்டர் மிஸ்ஃபயர், பின்னாடி நீலப்புகை. டோ ட்ரக் வர்றதுக்குள்ள ரோட்டோரமே பானெட்ட திறந்து, சூட்டுல கை சுட சுட அந்த பெட்டிய கழட்டி டிக்கில போட்டேன்.

ஒண்ணும் பிரயோஜனமில்ல. அளந்த பூஸ்டுக்கும் உள்ள போன காத்துக்கும் கணக்கு ஒத்துவரலன்னு பதிவான டேட்டாவ வச்சே சொல்லிட்டாங்க. பிஸ்டன் ஓரம் உடைஞ்சிருந்துச்சு. ஒன்பது வாரம் வண்டி அங்கயே கிடந்துச்சு, முழு செலவும் என் கைக்காசு. அதுல எனக்கு அவங்க மேல வருத்தம் இல்ல, உடைச்சது நான்தான்.

வருத்தம் அதுக்கு அப்புறம் நடந்ததுல. நாலு மாசம் கழிச்சு பின் கேமரா வேலை செய்யல, போனா "உங்க வண்டி மாடிஃபைடுனு இருக்கு, வாரண்டி கிடையாது"ன்னாங்க. கேமராவுக்கும் பூஸ்டுக்கும் என்ன சம்பந்தம்? அப்பதான் ஒரு நண்பர் சொல்லி குடுத்தாரு, சண்டை போடாத, ஒரே ஒரு விஷயம் கேளு, "எந்த பார்ட் எப்படி இந்த கேமராவ கெடுத்துச்சுன்னு எழுத்துல குடுங்க"ன்னு. கேட்டேன். அட்வைசர் உள்ள போனாரு, மேனேஜர் வந்தாரு, ரெண்டு நாள் டைம் கேட்டாரு. மூணாவது நாள் கேமரா மாத்தி குடுத்தாங்க, ஒரு டாலர் கூட வாங்கல. வாய்ல சொல்ற மறுப்பு வேற, எழுத்துல குடுக்குற மறுப்பு வேற ப்ரோ, எழுதுன்னு சொன்னா யோசிக்க ஆரம்பிப்பாங்க.

பதில் 4: ஹூஸ்டன்_கணேசபுரம்

சூப்பர்சார்ஜர் கேள்விக்கு நான் சொல்றேன், ஒரு வருஷம் அதையே படிச்சுட்டு இருந்தேன். ஃபோர்டு பெர்ஃபார்மன்ஸ் விப்பில்னு ஒரு சூப்பர்சார்ஜர் கிட் இருக்கு, 480 குதிரைத்திறன் வண்டிய 800 பக்கம் கொண்டு போகும். டீலரோ ஏஎஸ்இங்கிற மெக்கானிக் தகுதி சர்டிஃபிகேட் இருக்குறவரோ மாட்டினா அதுக்கு 3 வருஷம் 36,000 மைல் வாரண்டி தராங்க. நல்லா கவனிங்க, உங்க பவர்ட்ரெயினுக்கு இருந்தது 5 வருஷம் 60,000, இது அதை விட கம்மி. எந்த தேதில இருந்து எண்ணுவாங்க, எந்தெந்த பார்ட் அடங்கும்னு பேப்பர வாங்கி படிக்காம கையெழுத்து போடாதீங்க. கம்பெனி டெஸ்ட் பண்ண கேலிப்ரேஷனுக்குதான் கம்பெனி பொறுப்பு, அதே சூப்பர்சார்ஜர்ல கடைக்காரன் பூஸ்ட் கூட்ட சின்ன புல்லி மாட்டி வேற டியூன் ஏத்தினா அந்த பேப்பருக்கு மதிப்பு இல்ல. கொயோட்டில ஆயில் பம்ப் கியர் உடையறது பூஸ்ட் ஏத்தினவங்க எல்லாரும் பயப்படுற விஷயம், உடைஞ்சா சில நொடில ஆயில் பிரஷர் பூஜ்யம், அப்புறம் இன்ஜின மறந்துட வேண்டியதுதான்.

புகை சம்பந்தப்பட்ட வாரண்டி தனியா இருக்கு, அதை நிறைய பேர் பாக்கறதே இல்ல. புகைய சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கும் இன்ஜின் கம்ப்யூட்டருக்கும் ஃபெடரல் சட்டப்படி 8 வருஷம் 80,000 மைல். கன்வெர்ட்டருக்கு பின்னாடி இருக்குற குழாய மாத்துனா அதுக்கு ஒண்ணும் ஆகாது, கன்வெர்ட்டரையே கழட்டினா அது க்ளீன் ஏர் ஆக்ட்படி குற்றம், வாரண்டி எல்லாம் அப்புறம். டெக்ஸாஸ்ல 2025ல இருந்து சேஃப்டி இன்ஸ்பெக்‌ஷன் போயிருச்சு, ஆனா டல்லாஸ், ஹூஸ்டன் பகுதி உட்பட சில கவுன்ட்டில (மாவட்டம் மாதிரி) எமிஷன் டெஸ்ட், அதாவது புகை டெஸ்ட், இன்னும் இருக்கு. கன்வெர்ட்டருக்கு பின்னாடி இருக்குற ஓ2 (ஆக்ஸிஜன்) சென்சார அணைச்சு வைக்குற டியூன் போட்டா டெஸ்ட்டுக்கு போற வருஷம் மாட்டுவீங்க. இன்டேக் வாங்கறப்போ கார்ப் ஈஓ நம்பர், அதாவது கலிஃபோர்னியா காற்று வாரியத்தோட அனுமதி எண், இருக்கான்னு பாருங்க, இங்க கட்டாயம் இல்ல, ஆனா எமிஷன கெடுக்கலன்னு காட்ட அதுக்கு மேல ஆதாரம் வேணாம்.

இன்னொண்ணு, ட்ராக்குக்கு போற எண்ணம் இருந்தா வாரண்டி புக்ல ரேஸிங்னு வர்ற பத்திய படிங்க. ரேஸ்ல வந்த சேதம்னா ஒரு போல்ட் கூட மாத்தாத வண்டிக்கே மறுக்கலாம். அப்புறம் எக்ஸ்டெண்டட் பிளான் வாங்கிருந்தீங்கன்னா அது வாரண்டி இல்ல, தனி ஒப்பந்தம், மாடிஃபை பண்ணா கிடையாதுன்னு பெரும்பாலும் நேரடியாவே எழுதியிருக்கும்.

ஆரப்பாளையம்_டு_டல்லாஸ்

எல்லாருக்கும் மனசார நன்றி. நேத்து ராத்திரி பொண்டாட்டியோட உக்காந்து இதெல்லாம் படிச்சோம். டியூன் இப்ப வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன், இன்டேக் பெட்டிய திருப்பி அனுப்புறேன், டியூன் இல்லாம அதுக்கு மட்டும் அர்த்தம் இல்ல. ஆக்ஸில் பேக்கும் ஸ்ப்ரிங்கும் போடப்போறேன். சர்வீஸ் மேனேஜருக்கு இன்னைக்கு மெயில் போட்டேன், இந்த ரெண்டு பார்ட்டும் மாட்டப்போறேன், இதனால எந்தெந்த கவரேஜ் பாதிக்கும்னு எழுத்துல சொல்லுங்கன்னு. பதில் வந்ததும் இங்க போடுறேன். பையன்கிட்ட சத்தம் இன்னும் கூடும்னு சொன்னதுல இருந்து தினமும் எப்பன்னு கேக்குறான்.

பட்டறைவாசி

சரியான முடிவு தம்பி. கழட்டுற ஸ்டாக் ஸ்ப்ரிங், சைலன்சர் எதையும் வித்துறாத, துணி சுத்தி கராஜ் மூலைல வை. ஸ்ப்ரிங் மாட்டின அன்னைக்கே வீல் அலைன்மென்ட் பண்ணி பிரிண்ட் அவுட் வாங்கு, சரி பண்றதுக்கு முன்னாடி எவ்ளோ, பண்ணதுக்கு அப்புறம் எவ்ளோன்னு ரெண்டும் தேதியோட அதுல இருக்கும். ஆயில் மாத்துன ரசீது எல்லாத்தையும் அதே ஃபைல்ல போட்டு வை. மேனேஜர் ஒரு வாரத்துல பதில் போடலன்னா அதே மெயிலுக்கு கீழயே திரும்ப கேளு, புது மெயில் போடாத, நீ எப்ப கேட்டன்னு அதுலயே நிக்கும்.