8 ஸ்பீட் சைக்கிள், 11 ஸ்பீட் கேசட் மாட்டிய ட்ரெய்னர்: கியர் தாவுகிறது, 28 பல்லுக்கு ஏறவே மாட்டேன் என்கிறது

உள்ளறை மிதி (கேள்வி)

சைக்கிள்: சாலை வகை, 2×8. முன்னால் 50, 34 பல் என இரண்டு சக்கரம் (50/34), பின்னால் 11 முதல் 28 பல் வரை எட்டு (11-28). ஷிமானோ ஷிஃப்டர், டிஸ்க் பிரேக், 12×142 த்ரூ ஆக்ஸில்.
ட்ரெய்னர் (வீட்டுக்குள் நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் கருவி): பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு மாட்டும் டைரக்ட் டிரைவ். 11 ஸ்பீட் 11-28 கேசட் (பின் பல்சக்கரங்களின் அடுக்கு) மாட்டியே வந்தது.

ரோட்டில் கியருக்கு ஒரு குறையும் இல்லை. ட்ரெய்னரில், சின்னப் பல்சக்கரத்திலிருந்து எண்ணினால், 1-லும் 8-லும் செயின் நிற்கிறது, ஆனால் கரகரப்பு ஓயவில்லை. 4, 5-ல் தடதடக்கிறது. 2, 3, 6, 7-ல் பக்கத்துப் பல்லுக்கு ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. ஷிஃப்டரைக் கடைசிவரை தள்ளினாலும் 28-க்குப் போகவில்லை, 25-லேயே நின்றுவிடுகிறது. பேரல் அட்ஜஸ்டரை (கேபிள் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு) இரண்டு பக்கமும் திருகிப் பார்த்தாயிற்று, ஒன்று சரியானால் இன்னொன்று கெடுகிறது. 28-க்கு ஏறட்டும் என்று செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் பின் டீரெய்லரின் எல் ஸ்க்ரூவை (உள்பக்க எல்லைத் திருகு) ஒன்றரைச் சுற்று தளர்த்தியும் பலனில்லை. 11 ஸ்பீட் செயின் போட்டால் போதுமா, கேசட்டையே மாற்றணுமா?

கிரீஸ் விரல்

கேசட் கதை இருக்கட்டும், முதலில் அந்த எல் ஸ்க்ரூ. அதை அப்படியே விட்டுவிட்டு ரோட்டுச் சக்கரத்தை மாட்டி ஏறிவிடாதீர்கள். பெரிய பல்லுக்கு மாற்றும் நேரத்தில் டீரெய்லர் எல்லை தாண்டி ஆரக்காலுக்குள் போகும். டீரெய்லர், அதைத் தாங்கும் ஹேங்கர், ஆரக்கால் மூன்றும் ஒரே நொடியில் காலி. ரோட்டுச் சக்கரத்தை மாட்டி, சைக்கிளைத் தூக்கி நிறுத்தி, கையால் பெடலைச் சுற்றி 28-க்கு ஏற்றுங்கள். டீரெய்லரின் மேல் குட்டிச்சக்கரம் 28-க்கு நேர் கீழே வந்ததும், அதற்கு மேல் உள்ளே போகாதபடி எல் ஸ்க்ரூவை இறுக்குங்கள். டீரெய்லரைக் கையால் உள்பக்கம் தள்ளிப் பார்த்து, செயின் ஆரக்காலைத் தொடவில்லை என்று உறுதியானபின் மற்றதைப் பார்க்கலாம்.

பல்லெண்ணி

ட்ரெய்னரில் பழுது ஒன்றும் இல்லை. நீங்கள் எழுதிய எண்களே காரணத்தைச் சொல்கின்றன.

உங்கள் ஷிஃப்டர் ஒரு கிளிக்குக்குச் சுமார் 2.8 மிமீ கேபிள் இழுக்கும். டீரெய்லர் அதை 1.7 மடங்காக்கி 4.8 மிமீ நகரும். 8 ஸ்பீட் கேசட்டில் இரண்டு பல்சக்கரங்களுக்கு நடுவே இருக்கும் தூரமும் அதேதான். 11 ஸ்பீட் கேசட்டில் அது 3.74 மிமீ.

இப்போது கூட்டிப் பாருங்கள். ஒரு கிளிக்குக்குப் பின் டீரெய்லர் 4.8-ல் நிற்கும், பல்லோ 3.74-ல். 1 மிமீக்கு மேல் விலகல். அடுத்தது 9.6, அருகிலுள்ள பல் 11.22. 1.6 மிமீ விலகல். மூன்றாவது 14.4, பல் 14.96. அரை மிமீ சொச்சம்தான் என்பதால் ஏதோ ஓடும். அதுதான் உங்கள் 4-வது கியர். 5-வதிலும் அதே அரை மிமீ. ஏழு கிளிக் முடிந்தால் 33.6. 11 ஸ்பீட் கேசட்டில் ஒன்பது இடைவெளி 33.66. கச்சிதமாக உட்கார்கிறது, ஆனால் பத்தாவது பல்சக்கரத்தில். 11-28-ல் பத்தாவது 25, பதினொன்றாவதுதான் 28. இனி எல் ஸ்க்ரூவை எவ்வளவு தளர்த்தினாலும் ஷிஃப்டரில் இழுக்கக் கிளிக் மிச்சமில்லை.

ஒத்துப்போகும் இடத்திலும் ஏன் கரகரப்பு என்றால், 8 ஸ்பீட் செயினின் வெளி அகலம் சுமார் 7.1 மிமீ. 11 ஸ்பீட் கேசட்டில் பக்கத்துப் பல்லைத் தொடாமல் ஓட 5.5 மிமீ அளவில் இருக்கவேண்டும்.

நேர்ச்செயின்

செலவு வேண்டாம் என்றால் 11 ஸ்பீட் செயின் மட்டும் போட்டு, 1, 4, 5, 8 நான்கையும் வைத்து ஓட்டலாமே? எர்க் மோடில் (ட்ரெய்னரே வாட்டை நிலையாகப் பிடிக்கும் முறை) கியரே மாற்றப்போவதில்லை.

பல்லெண்ணி

ஒரே கியரில் ஓட்டுபவருக்கு அது நடக்கும், மறுக்கவில்லை. ஆனால் இவருக்கு ரோட்டுச் சக்கரத்தில் 8 ஸ்பீட் கேசட் இருக்கிறது. வாரம் இரண்டு முறை சக்கரம் மாற்றும்போது செயினையும் மாற்றிக்கொண்டிருக்க முடியுமா? 8 ஸ்பீட் கேசட் ஒன்று வாங்குவதுதான் வழி. பல் எண்ணிக்கை ரோட்டில் இருப்பது போலவே 11-28 ஆக இருக்கட்டும். மலிவாகக் கிடைக்கிறதென்று 11-34 வாங்கினால், 50×34-ல் (முன்னால் 50 பல், பின்னால் 34) செயின் நீளம் போதாமல் டீரெய்லரைப் பிய்க்கும்.

கிரீஸ் விரல்

மாற்றும் முறை. லாக்ரிங் (கேசட்டை இறுக்கும் மரை வளையம்) டூல், செயின்விப் (செயின் துண்டு கோத்த பிடி) இரண்டும் வேண்டும்.

கழற்ற: செயின்விப்பை நடுப்பல் ஒன்றில் சுற்றி கேசட்டைப் பிடித்துக்கொண்டு லாக்ரிங்கை இடஞ்சுழியாகத் திருப்புங்கள். பிடிக்காவிட்டால் ஃப்ரீஹப் (கேசட் உட்காரும் உருளை) சும்மா சுற்றும்.

மாட்ட: ஃப்ரீஹப்பைத் துடைத்து மெல்லிய கிரீஸ். முதலில் 1.85 மிமீ ஸ்பேசர் வளையம், அதன்மேல் கேசட். ஃப்ரீஹப் பள்ளங்களில் ஒன்று மட்டும் அகலம் வேறாக இருக்கும், அதற்கு நேராக வைத்தால்தான் இறங்கும். லாக்ரிங் மரையை விரலால் இரண்டு சுற்று ஏற்றியபின் டூல். இறுக்கம் 40 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் இல்லையென்றால், 30 செமீ கைப்பிடியின் நுனியில் 13-14 கிலோ அழுத்தம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இறுக்கும்போது ஃப்ளைவீலும் (ட்ரெய்னரின் கனமான சுழல்சக்கரம்) கூடவே சுற்றும், ஏனென்றால் அது பெடல் மிதிக்கும் திசை. செயின்விப் இங்கே உதவாது. ட்ரெய்னரின் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு ஃப்ளைவீலின் விளிம்பை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தால் போதும். விரல் பெல்ட் பக்கம் போகவேண்டாம்.

உள்ளறை மிதி

எல் ஸ்க்ரூ சரியாகிவிட்டது. 8 ஸ்பீட் கேசட்டும் மாட்டியாயிற்று. லாக்ரிங் இரும்பாக இறுகியிருக்கிறது, ஆனாலும் கேசட்டைக் கையால் பிடித்தால் உள்ளும் வெளியும் ஆடுகிறது. ட்ரெய்னர் பெட்டியில் ஒரு வளையம் இருந்தது, 1 மிமீ. அதைத்தான் பின்னால் போட்டேன்.

கிரீஸ் விரல்

அதுதான் ஆட்டம். 1 மிமீ வளையம் ஷிமானோவின் 10 ஸ்பீட் சாலை கேசட்டுக்குக் கூடுதலாகப் போடுவது. 11 ஸ்பீட் ஹெச்ஜி (ஷிமானோவின் பள்ள அமைப்பு) ஃப்ரீஹப், பழைய 8/9/10 ஃப்ரீஹப்பை விட 1.85 மிமீ நீளம். அந்த நீளத்தை நிரப்பாவிட்டால் லாக்ரிங் கேசட்டை நெருக்குவதற்கு முன் ஃப்ரீஹப் விளிம்பில் முட்டி நின்றுவிடும். கைக்கு இறுகியதுபோல் இருக்கும், கேசட் விடுதலையாக நிற்கும். அப்படியே ஓட்டினால் ஃப்ரீஹப் பள்ளங்களில் வெட்டு விழும். 1 மிமீயை எடுத்துவிட்டு 1.85 போடுங்கள். இரண்டையும் சேர்த்துப் போடவேண்டாம், 8 ஸ்பீடுக்கு அது தேவையில்லை.

மாட்டியபின் சோதனை எளிது: சின்னப் பல்சக்கரத்தை விரலால் அசைத்துப் பாருங்கள், துளியும் ஆடக்கூடாது.

மலைமிதி

இடையில் ஒரு சந்தேகம். என்னுடையது 12 ஸ்பீட். இதே ஃப்ரீஹப்பில் ஏறுமா?

பல்லெண்ணி

சின்னப் பல்சக்கரத்தில் பல்லை எண்ணுங்கள். 10 என்றால் ஹெச்ஜியில் ஏறாது. ஷிமானோ மலை வகை 10-51 என்றால் மைக்ரோ ஸ்ப்லைன் ஃப்ரீஹப், ஸ்ராம் சாலை வகை 10-33, 10-36 என்றால் எக்ஸ்-டி-ஆர் ஃப்ரீஹப் ட்ரெய்னருக்குத் தனியாக வாங்கவேண்டும். 11-ல் தொடங்கும் ஷிமானோ 12 ஸ்பீட் சாலை கேசட் 11 ஸ்பீட் ஹெச்ஜியில் ஸ்பேசர் இல்லாமலே உட்காரும். அதோடு பின் ஆக்ஸில் 148 மிமீ அகலமா என்றும் பாருங்கள், ட்ரெய்னர் அச்சின் முனையில் மாட்டும் எண்ட் கேப் வேறு.

உள்ளறை மிதி

1.85 போட்டதும் ஆட்டம் நின்றது. எட்டு கியரும் விழுகின்றன. ஆனால் ட்ரெய்னரில் சரிசெய்தால் ரோட்டில் லேசாகத் தடதடக்கிறது, ரோட்டில் சரிசெய்தால் இங்கே. ஒவ்வொரு முறையும் பேரலைத் திருகணுமா? இன்னொன்று: எர்க் மோடில் எந்தக் கியர்? 50×15-ல் ஓட்டினால் 100 வாட் ஓய்வுப் பகுதியில் ட்ரெய்னர் 130-க்குக் கீழே இறங்க மறுக்கிறது.

கிரீஸ் விரல்

இரண்டு இடத்திலும் கேசட் ஒரே இடத்தில் நிற்கவில்லை, அவ்வளவுதான். ஃப்ரேமின் உட்புறத்திலிருந்து சின்னப் பல்சக்கரத்தின் வெளிமுகம் வரை வெர்னியரால் இரண்டிலும் அளந்து பாருங்கள். எங்கே இடைவெளி அதிகமோ, அந்தக் கேசட்டுக்குப் பின்னால் வித்தியாசத்தின் அளவுக்கு மெல்லிய ஷிம் (தகட்டு வளையம்). அரை மிமீ ஷிம் பெரும்பாலும் போதும். ஷிம் போட்டபின் லாக்ரிங்குக்கு நாலு மரையாவது பிடிமானம் இருக்கவேண்டும். ஷிம் கிடைக்காவிட்டால் பேரல் எத்தனை கால்சுற்று என்று எண்ணி டேப்பில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், கேவலம் ஒன்றுமில்லை.

சக்கரம் இல்லாத நேரத்தில் பின் பிரேக்கை அழுத்தாதீர்கள். பேட் இரண்டும் ஒட்டிக்கொண்டால் ரோட்டர் நுழையாது. காலிபருக்குள் பேட் ஸ்பேசர் ஒன்றைச் செருகி வையுங்கள்.

நேர்ச்செயின்

எர்க் விஷயம். ஃப்ளைவீல் வேகமாகச் சுற்றச் சுற்ற, ட்ரெய்னர் தரக்கூடிய குறைந்தபட்ச வாட்டும் ஏறும். 50×15-ல் நிமிடத்துக்கு 90 மிதி என்றால், சக்கரச் சுற்றளவு 2.1 மீட்டர் கணக்கில் மணிக்குச் சுமார் 38 கிமீ. அந்த வேகத்தில் பிரேக்கை முழுக்கத் தளர்த்தினாலும் 100 வாட் வராமல் போகலாம். 34×19-க்கு வாருங்கள், அதே 90-ல் 20 கிமீதான். செயினும் ஏறக்குறைய நேராக நிற்கும், சத்தமும் குறையும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. மெதுவாகச் சுற்றும் ஃப்ளைவீலில் அதிக வாட்டைப் பிடிக்கக் காந்தத்துக்குத் திணறல். குறுகிய, கடும் வேகப் பயிற்சிக்கு 50×17. அது 33 கிமீ. ஆனால் பயிற்சி தொடங்கிய நொடியில் கியர் மாற்றாதீர்கள், ட்ரெய்னர் மறுபடி கணக்குப் போட்டு நிலைக்குவரச் சில நொடிகள் ஆகும். ஐந்து நொடி முன்பே மாற்றி, மிதியை 95-க்கு ஏற்றிக்கொண்டு உள்ளே போங்கள். மிதி தளர்ந்தால் எர்க் அதே வாட்டுக்காக இன்னும் இறுக்கும், இன்னும் தளரும், கடைசியில் சேற்றில் மிதிப்பது போலாகிவிடும்.

உள்ளறை மிதி

அளந்ததில் ட்ரெய்னர் பக்கம் 0.6 மிமீ அதிகம். 0.5 ஷிம் போட்டேன். பேரலைத் தொடாமலே இரண்டிலும் ஓடுகிறது. ட்ரெய்னரில் 24-லிருந்து 28-க்கு ஏறும்போது மட்டும் அரைச்சுற்று தயங்குகிறது.

கிரீஸ் விரல்

மிச்சமிருக்கும் 0.1-ஆல் அப்படி ஆகாது. செயினை அளந்து பாருங்கள். 12 அங்குலம், அதாவது 304.8 மிமீ இருக்கவேண்டிய ஆணியிலிருந்து ஆணி தூரம் 307-ஐத் தொட்டிருந்தால் தேய்ந்துவிட்டது, புதுப் பல்லில் முரண்டு பிடிக்கும். 306-க்குள் இருந்தால் பேரலை இடஞ்சுழியாகக் கால்சுற்று மட்டும் திருப்பி, ரோட்டிலும் ஒரு முறை சோதித்துவிடுங்கள்.