பைக்கை விற்கும் முன் மைலேஜையும் விலையையும் கணிப்பது எப்படி?

அனைவருக்கும் வணக்கம். முதல் உரிமையாளராக 7 ஆண்டுகளாக ஓட்டிவரும் 150 சிசி பைக்கை விற்க எண்ணியுள்ளேன். நியாயமான விலையைக் கணிக்க, அனுபவமுள்ளவர்களின் ஆலோசனை தேவை.

டேங்கை நிரப்பி, ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, வழக்கம்போல் ஓட்டிவிட்டு, மீண்டும் அதே குறிவரை நிரப்பி, ஓடிய தூரத்தை அப்போது பிடித்த லிட்டரால் வகுத்தபோது மைலேஜ் 42 கிலோமீட்டர் வந்தது. இது நெரிசலில் ஓட்டிய கணக்கு. நெடுஞ்சாலையில் கூடுதலாகவே கிடைக்கிறது. வாங்குபவரிடம் எதைச் சொல்வது முறை? டயரில் காற்று குறைந்தாலோ, ஏர் ஃபில்டர் அடைத்துக்கொண்டாலோகூட மைலேஜ் இறங்கும் என்பதால், சர்வீஸ் செய்த பிறகு ஒருமுறை அளந்து பார்ப்பதே சரியென நினைக்கிறேன்.

அதைவிடப் பெரிய குழப்பம், ஓடோமீட்டர் காட்டும் 61,000 கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓடியது. எஞ்சினில் புகையோ எண்ணெய்க் கசிவோ இல்லை. சர்வீஸ் ரசீதுகள் அனைத்தும் உள்ளன. ஆனால் பார்க்க வருபவர்கள் அந்த எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் பாதி விலைக்குக் கேட்கிறார்கள். (வண்டி உண்மையில் எவ்வளவு உழைத்திருக்கிறது என்பதைக் காட்டும் ஃபுட்ரெஸ்ட் ரப்பரின் தேய்மானத்தை யாரும் குனிந்துகூடப் பார்ப்பதில்லை.)

செயின் ஸ்ப்ராக்கெட்டையும் பின் டயரையும் அண்மையில்தான் மாற்றினேன். டயரின் பக்கவாட்டிலுள்ள 4 இலக்க எண்ணே அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் காட்டிவிடும். இத்தகைய செலவு விலையில் சேருமா, அல்லது வண்டி விரைவாகக் கைமாற மட்டும் உதவுமா? டேங்கில் உள்ள கீறலுக்குப் பெயின்ட் அடித்தால் விபத்தை மறைப்பதாகச் சந்தேகம் எழுமோ என்றும் தயங்குகிறேன். டீலரிடம் கொடுப்பதற்கும் நேரடியாக விற்பதற்கும் விலையில் எவ்வளவு வேறுபாடு இருக்கும் என்பதையும், அண்மையில் விற்றவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.